மண்ணைச் சொல்லி எழுதிய மனு

எனக்குக் கோபம் வந்தால் கையெழுத்து இன்னும் அழகாக வரும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. தலைமையாசிரியையோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து கரும்பலகையில் எழுதிய ஒரு நாளில், பள்ளியைப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் அதைக் காட்டி மற்ற டீச்சர்களிடம் "இப்படி எழுதணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் வாய்தான் ஒருநாள் என்னைக் கெடுக்கும் என்று அம்மா முதல் மாதா கோயில் சாமியார் வரை எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். வாய் ஒன்றும் செய்யவில்லை. கைதான் கெடுத்தது.

ஐம்பதுகளின் கடைசி. திண்டுக்கல்லில் பேகம்பூருக்குச் சற்றுத் தள்ளி ஒரு தெரு. நாலு போர்ஷன் வீட்டில் ஒரு போர்ஷன் எங்களுக்கு. என் கணவர் பஸ் கம்பெனியில் செக்கர், வத்தலக்குண்டு ரூட். நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். வீட்டின் சொந்தக்காரர் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். தெரு முழுக்க அவரைக் குமாஸ்தா ஐயா என்றுதான் கூப்பிடும். அவர் வீட்டில் சட்டங்கள் அதிகம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அவர் மதியத் தூக்கம் முடியும்வரை ஆட்டுக்கல்லை உருட்டக் கூடாது. கிணற்றில் காலையில் நாலு குடம், சாயங்காலம் இரண்டு. வெயில் காலத்தில் அதிலும் பாதி. மாதா படம் மாட்ட ஒரே ஒரு ஆணி கேட்டேன். "மாதா ஆணி இல்லாமலே நிப்பாங்கம்மா, பெட்டி மேல சாத்தி வையி" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு கையில் வைத்திருந்த சுத்தியலை அவர் தலையிலேயே போட்டிருப்பேன்.

அன்றைக்கே என் கணவரிடம் தீர்த்துச் சொல்லிவிட்டேன், செத்தாலும் சொந்த வீட்டில்தான் சாவேன் என்று. அவர் பாவம், எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதர். குறைந்த சம்பளக்காரர்களுக்குத் தவணையில் வீடு கட்டித் தருகிறார்களாம் என்று யாரோ பஸ்ஸில் சொன்னதைக் கேட்டுவந்து மனுப் போட்டார். இரண்டு வருடமாகப் பதில் இல்லை. பதில் வரவில்லையே தவிர, நான் மனதுக்குள் அந்த வீட்டில் குடியேறிவிட்டேன். அடுப்படி ஜன்னல் எந்தப் பக்கம், வாழையா முருங்கையா, எல்லாம் முடிவாகியிருந்தது. முருங்கைதான்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் எங்கள் தெருவின் பின்பக்கப் பொட்டலில் சங்கிலியும் சிவப்புக் கொடியுமாகச் சர்வே ஆட்கள் வந்து இறங்கினார்கள். அந்தப் பொட்டலுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது கக்கூஸ் சந்து ஒன்றுதான். கருவேலம் மண்டிய பள்ளம் அது. ஐப்பசி மழைக்கு ஒரு வாரம் பத்து நாள் தண்ணீர் நிற்கும், மற்ற நாளெல்லாம் ஆடு மேயும். சங்கிலி பிடித்தவர்களில் ஒருவர் குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தார். குமாஸ்தா ஐயா செம்பைக் கொடுத்துவிட்டு, "என்னப்பா கட்டப் போறாங்க?" என்று கேட்டார்.

"காலனிங்கய்யா" என்றார் அவர். தண்ணீரைக் குடித்தார், போய்விட்டார்.

இன்றைக்கு டீச்சர்ஸ் காலனி, பேங்க் காலனி என்று பெயர்ப்பலகை வைத்துப் பெருமையாகக் குடியிருக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் காலனி என்றால் ஒரே அர்த்தம்தான். ஊரை ஒட்டி, ஆனால் ஊரில் சேராமல், தீண்டக்கூடாது என்று நாம் ஒதுக்கி வைத்தவர்களுக்கு அரசாங்கம் கட்டிக்கொடுக்கும் வீடுகள். சொல் வாயிலிருந்து விழுந்ததும் யாருக்கு என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. சாயங்காலத்துக்குள் தெரு கொதித்துவிட்டது. தோட்டி வீடுகள் நம் கொல்லைக்கு வருகின்றன, இனிமேல் இந்தத் தெருவில் யார் பெண் எடுப்பார்கள், யார் பெண் கொடுப்பார்கள் என்று ஒரே கூச்சல். ஏற்கெனவே தண்ணீர்ப் பஞ்சத்தைச் சொல்லித் திண்டுக்கல்லுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

நான் மட்டும் ஒழுங்கா? நானும்தான் கத்தினேன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், எல்லாரும் ஆண்டவரின் பிள்ளைகள் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள், என் அடுப்படி ஜன்னலுக்கு நேரே அவர்கள் வாசலா என்று கத்தினேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

மறுநாள் காலையில் சந்துப் பக்கம் அவள் வந்தாள். எங்கள் நாலு போர்ஷனுக்கும் எடுப்புக் கக்கூஸில் மலம் அள்ளுகிறவள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள், ஆனாலும் நான் அவளை நீ, வா, போ என்றுதான் பேசுவேன். தெருவே அப்படித்தான் பேசியது. மார்க்கெட்டுக்குப் பின்னால் சாக்கடைக் கரையில் குடிசை போட்டு, மழைக்கு மழை அதைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"டீச்சரம்மா, காலனி வருதாம்ல! எங்க மேஸ்திரி சொன்னாரு. இம்புட்டுப் பக்கத்துலயே வருது. எனக்கு ஒரு மனு எழுதித் தாங்கம்மா. உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குமாம்ல. நீங்க எழுதுனா குடுத்துருவாக."

அவளும் அந்த ஒரு சொல்லைத்தான் கேட்டிருக்கிறாள். எங்களுக்கு என்ன அர்த்தமோ அதே அர்த்தம்தான் அவளுக்கும். நாங்கள் எரிந்தோம், அவள் சிரித்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பாக்கலாம், ஞாயித்துக்கெழம வா" என்று சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது குமாஸ்தா ஐயா வீட்டுக் கூடத்தில் தெரு கூடியிருந்தது. எதிர்ப்பு மனு எழுத வேண்டும், எழுத என் கை வேண்டும். என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, முழுத்தாளை முன்னால் வைத்தார்கள். யாரோ ஒருவர் ஆரம்பித்தார், "தோட்டிச் சாதி ஆளுங்க வந்தா..." என்று. குமாஸ்தா ஐயா கையை உயர்த்தினார்.

"ஏலே, வாய மூடு. இப்ப புதுச் சட்டம் வந்திருக்கு. சாதியச் சொல்லி எழுதுனா உன்னைத் தூக்கி உள்ள வச்சிருவான். மனுசனச் சொன்னா கேசு. மண்ணச் சொன்னா யாரு கேக்கப் போறா? மண்ணச் சொல்லி எழுது தாயி."

முப்பது வருடம் மனுக்களையே தின்று வளர்ந்த மூளை அல்லவா. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அதிகாரி அவர்கள் சமூகத்துக்கு அடியிற்கண்ட தெருவாசிகள் பணிவுடன் எழுதிக்கொண்ட மனு. மேற்படி நிலம் பள்ளம். மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். கொசு, விஷ ஜந்துக்கள். கிணறு தோண்டினால் உப்பு. பத்து நாள் தண்ணீர் மூன்று மாதத் தண்ணீர் ஆயிற்று. ஒரு சாரைப்பாம்பு பல நல்ல பாம்புகள் ஆயிற்று. கடைசியில் அவர் மூச்சு வாங்க நிறுத்தினார். மனு முடிந்த மாதிரி இல்லை என்று எனக்குப் பட்டது. யாரும் கேட்காமலே நானாக ஒரு வரி சேர்த்தேன்: "ஆகவே இவ்விடம் மனிதர் குடியிருக்கத் தகுதியற்றது."

வாசித்துக் காட்டினேன். "பலே!" என்றார் குமாஸ்தா ஐயா. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த வரி என்னுடையது, அவருடையது இல்லை. முதல் கையெழுத்து நான் போட்டேன். எனக்குக் கீழே என் கணவர் போட்டார்.

எதிர்வீட்டு பாய் மட்டும் போடவில்லை. தோல் வியாபாரி. உப்புத் தடவிய தோல்களை வீட்டை ஒட்டிய கிட்டங்கியில் அடுக்கி வைத்திருப்பார். பேனாவை நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நாத்தம் அடிக்குதுன்னு எங் கிட்டங்கி மேல போன வருசம் இதே தெருதான மனுப் போட்டுச்சு? இன்னைக்கு அவுக. நாளைக்கு மறுபடி நான். என்னைய விட்டுருங்க டீச்சரம்மா" என்றார். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு முகம் சுட்டது. சுட்டால் என்ன, கையெழுத்தை நான் அடித்துவிடவில்லை.

மை காய்வதற்காகத் தாளை எடுத்துவந்து எங்கள் பின்கட்டில் வைத்தேன். சந்து வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னது நான்தானே! தலைக்கு எண்ணெய் வைத்து, துவைத்த சேலை கட்டி வந்திருந்தாள். படிக்கத் தெரியாது. தாளைத் தூரத்திலிருந்து பார்த்தாள், அதில் என் எழுத்தைப் பார்த்தாள், கீழே வரிசையாகக் கையெழுத்துகளைப் பார்த்தாள்.

"எம் மனுவாம்மா? தெருவே கையெழுத்துப் போட்டிருக்காக போலயே?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "ஆமா" என்றேன். அவள் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். எனக்கா, தாளுக்கா, தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவள் எங்கள் போர்ஷன் பக்கம் மட்டும் இரண்டு வாளித் தண்ணீர் கூடுதலாக ஊற்றிக் கழுவினாள். பினாயில் வாடை அடுப்படி வரை வந்தது. போகும்போதெல்லாம் சிரித்துவிட்டுப் போனாள். ஒரு நாள் தாங்காமல், "என்ன எப்பப் பாரு பல்லக் காட்டிக்கிட்டு? வந்த வேலையப் பாத்துட்டுப் போ!" என்று கத்திவிட்டேன். அவள் பயந்துபோய் வாளியோடு ஒதுங்கினாள். செய்த குற்றத்துக்கு அவள்மேல் எரிந்து விழுந்தேன். என் குணம் அப்படி.

மூன்றாவது வாரம் என் கணவர் டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்து, ஒரு கவரை என் கையில் கொடுத்தார். பிரித்துப் படித்தேன். எங்கள் வீட்டு மனு ஏற்கப்பட்டிருந்தது. குறைந்த சம்பளக்காரர்களான குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், கம்பெனிச் சிப்பந்திகளுக்குக் கட்டப்படவிருக்கும் காலனியில் எங்களுக்கும் ஒரு வீடு. இடம் எங்கே என்று கீழே எழுதியிருந்தது. எங்கள் தெருவின் பின்பக்கப் பொட்டல்.

சேசு மரி சூசையே! எந்தக் காலனிக்கு மண்ணை வாரித் தூற்றி எழுதினேனோ அது என் காலனி. எந்த வாசல் என் ஜன்னலுக்கு நேரே வரக்கூடாது என்று கத்தினேனோ அது என் வாசல். "மொதக் கையெழுத்து உன்னோடதுடி" என்றார் என் கணவர். "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க." அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர் அன்றைக்குத்தான் அப்படிப் பேசினார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு குமாஸ்தா ஐயாவிடம் ஓடினேன். மனுவைத் திருப்பி வாங்க வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார். "போன மனு போனதுதான். நாளைக்கழிச்சு அதிகாரி நேர்ல விசாரிக்க வாராரு. அவருகிட்டச் சொல்லிக்கோ" என்றார். ஆச்சரியப்பட்ட முகமாகவே இல்லை. நாலு போர்ஷனில் மூன்று போர்ஷன்காரர்கள் அந்தத் தவணை வீட்டுக்கு மனுப் போட்டவர்கள். எல்லாரும் காலி செய்தால் அவர் போர்ஷன் என்ன ஆவது? முன்பே அவருக்குத் தெரியும் என்றுதான் நான் இன்றுவரை நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தக் கடைசி வரியை அவர் சொல்லித்தரவில்லையே, நான்தானே எழுதினேன்.

அதிகாரி ஜீப்பில் வந்தார். பொட்டலின் ஓரத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். தெரு முழுக்கச் சுற்றி நின்றது. விஷயம் அதற்குள் பரவியிருந்ததால் யார் முகத்திலும் ரத்தம் இல்லை. சந்து முனையில், கருவேல மரத்தடியில், துடைப்பத்தோடு அவள் நின்றாள். தன் வீட்டுக்கு இடம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றாள்.

அதிகாரி மனுவைப் பிரித்தார். நான் முன்னால் போனேன். "ஐயா, அந்த மனு தப்பு. நாங்க அதைத் திரும்ப வாங்கிக்கிறோம்."

"எழுதினது நீங்களா? நல்ல கையெழுத்து" என்றார். "எது தப்பு? இங்க தண்ணி நிக்காதா?"

"நிக்கும்யா. கொஞ்ச நாள்தான்."

"பாம்பு?"

"ஒண்ணு பாத்தோம்."

"அப்ப மிச்சமெல்லாம் பொய்யா? டீச்சருங்கறீங்க. ஏன் பொய் எழுதுனீங்க, அதையாவது சொல்லுங்க. நியாயமாயிருந்தா மனுவத் தள்ளிட்டு நாளைக்கே வேலைய ஆரம்பிக்கச் சொல்றேன்."

நியாயமான மனிதர். வழியைத் திறந்து விட்டுவிட்டார். உண்மைக் காரணத்தைச் சொன்னால் போதும், வீடு எனக்கு. தோட்டிமாருக்கு என்று நினைத்துவிட்டோம் ஐயா, அவர்கள் பக்கத்தில் வரக்கூடாது என்று எழுதினோம், எங்களுக்கென்று தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டோம். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சட்டத்துக்குப் பயந்தேனா என்றால், அதுவும் உண்டு. ஆனால் நான் திரும்பிப் பார்த்தது சட்டத்தை இல்லை. கருவேல மரத்தடியில் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதுபட அதைச் சொல்ல என் நாக்கு எழவில்லை. என் தலைமையாசிரியை நடுங்கும் நாக்கு. தெரு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. பாய் தன் வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார். "இந்தாம்மா, நீதான தெனம் இந்தச் சந்துல வேலை பாக்குற? நீ சொல்லு. மழைக்கு இங்க எப்படி?" என்று அவளைக் கூப்பிட்டார்.

அவள் நாலடி முன்னால் வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். எனக்காகப் பேச ஒரு சந்தர்ப்பம் வந்ததே என்று அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"டீச்சரம்மா என்ன எழுதியிருக்காகளோ அம்புட்டும் நெசந்தாங்கய்யா. ஒரு சொல்லு பொய்யி இருக்காது" என்றாள் சத்தமாக.

அதிகாரி தாளை மடித்தார். ஜீப் போய்விட்டது.

வீட்டுத் திட்டம் ஊரின் வேறு பக்கத்துக்குப் போனது. அங்கே எங்கள் பெயர் இல்லை. நீங்களே ஆட்சேபித்திருக்கிறீர்கள் என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று மற்றவர்கள் சொல்லலாம். எட்டிய கையே தட்டிவிட்டதை என்னவென்று சொல்வது? இரண்டு நாளில் அவளுக்கும் விஷயம் தெரிந்தது, வீடு யாருக்கு வந்தது, எப்படிப் போனது என்று அரைகுறையாக. "எங்களுக்கு இல்லியாம் டீச்சரம்மா, உங்களுக்குத்தானாம். உங்களுக்கும் இல்லாமப் போச்சேம்மா" என்று எனக்காக வருத்தப்பட்டாள். அன்றைக்கு நான் சமைக்கவில்லை. என் கணவர் கடையில் இட்லி வாங்கிச் சாப்பிட்டார்.

ஒன்றரை வருடம் கழித்து அதே பொட்டலில் மறுபடி ஆட்கள் இறங்கினார்கள். இந்த முறை கொட்டகை மாதிரி நீளமாக, ஓடு போட்ட ஒற்றை அறைகள். துப்புரவு வேலைக்காரர்களுக்கு. குமாஸ்தா ஐயா என்னைக் கூப்பிட்டு மறுபடி முழுத்தாளை நீட்டினார். "எழுதுனவரைக்கும் போதும். உங்க கையில வலு இருந்தா நீங்களே எழுதுங்க" என்றேன். அவர் கை நடுங்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். யாரும் எழுதவில்லை.

அவளுக்கும் ஒரு அறை கிடைத்தது. குடிபுகுந்த மறுநாள் சந்து வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"டீச்சரம்மா, ஆபீசுல பியூனு சொன்னாரு. இந்த எடத்த வேற யாருக்கும் குடுக்க முடியலியாம். மனுசரு குடியிருக்க லாயக்கில்லாத எடம்னு நீங்க எழுதிக் குடுத்தீகளாம்ல, அது காயிதத்துல ஏறிருச்சாம். அதனாலதான் எங்களுக்குக் குடுத்தாகளாம். நீங்க நல்லா இருக்கணும்மா. ஒரு தடவ வந்து வீட்டப் பாத்துட்டுப் போங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பில் குத்தல் இருக்கிறதா என்று நான் தேடினேன். இருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "வாரேன்" என்றேன்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் அதே போர்ஷனில் குடியிருந்தோம். அவள் வாசல் என் அடுப்படி ஜன்னலுக்கு நேரே இருந்தது. இருபது அடிச் சந்துதான். நான் போகவே இல்லை.